தோற்ற மறுநாள் கேள்விகள்: நம்ம டீம் ஏன் பின்னாடியே நிக்குது?

ஒரு கோல் அடித்து முன்னிலை. இடைவேளை முடிந்ததும் மொத்த டீமும் சொந்தப் பாதிக்குள் ஒடுங்கிவிடுகிறது. எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் எதிரணி சமன் செய்கிறது, கடைசி நேரத்தில் இன்னொன்று, தோல்வி. பெரியமேடு நேரு ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் நடக்கும் கூட்டத்தில் அன்றிரவு எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "ஜெயிக்க வேண்டிய மேட்சைப் பயந்தே விட்டுட்டாங்க."

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பால் தொடரில் ஆடும் சென்னையின் எஃப்.சி. கிளப்பின் ரசிகர்கள் இப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். லோக்கல் டீம்களில் ஆடுபவர்கள் கேட்பதும் ஒன்றிரண்டு உண்டு. குறிப்பிட்ட ஒரு ஆட்டத்தைப் பற்றி இதில் பேசவில்லை, இந்த ரகத் தோல்வி எப்படி உருவாகிறது என்பதுதான் விஷயம்.

"பஸ்ஸை நிறுத்திட்டாங்க"ன்னு சொல்றோமே, அதுவும் லோ பிளாக்கும் ஒண்ணுதானா?

முழுக்க ஒன்றல்ல. பந்து எதிரணியிடம் இருக்கும்போது நம் டீம் எவ்வளவு மேலே நின்று தடுக்கிறது என்பதை வைத்து மூன்று விதமாகப் பிரிப்பார்கள். எதிரணி கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போதே போய் நெருக்கினால் ஹை பிரஸ். சென்டர் லைன் அருகே நின்று, பந்து நடுப்பகுதிக்கு வந்ததும் நெருக்கினால் மிட் பிளாக். சொந்தப் பாதிக்குள் இறங்கி, பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றால் லோ பிளாக்.

லோ பிளாக் ஒரு திட்டம். அதில் வரிசைக்கு வரிசை எத்தனை மீட்டர், யார் வெளியே வந்து நெருக்குவது, பந்து கிடைத்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எல்லாம் பயிற்சியில் தீர்மானமாகியிருக்கும். பஸ் நிறுத்துவது என்று நாம் கோபத்தில் சொல்வது, அந்தத் திட்டத்தின் கடைசிப் பாகம் இல்லாமல் போன நிலையை. தடுக்கிறார்கள், ஆனால் தடுத்த பிறகு என்ன என்பதற்குப் பதில் இல்லை.

அப்போ தடுப்பாட்டம் ஆடுறதே தப்பில்லையா?

தப்பில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். தோற்ற இரவில் வரும் கோபத்தில் பாதி, தவறான இடத்தில் போய் விழுகிறது.

2004 யூரோ கோப்பையில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே வென்றது. மூன்று கோலும் தலையால் அடித்தவை. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை போனது. அதுவரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் அவர்கள் வலைக்குள் போனது ஒரே ஒரு கோல், அதுவும் கனடாவுக்கு எதிராகச் சொந்த ஆளே அடித்த ஓன் கோல். ஸ்பெயினுக்கு எதிராகப் பெரும்பாலான நேரம் பந்தே மொராக்கோவிடம் இல்லை. அதற்காக யாரும் அவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. காரணம், பந்தைப் பிடுங்கிய அடுத்த நொடி மிட்ஃபீல்டர்கள் அம்ராபத்தோ உனாஹியோ அதைக் காலில் வைத்துக்கொண்டு நெருக்கடியிலிருந்து வெளியே வந்தார்கள், வலது ஓரத்தில் ஹக்கிமியும் ஜியெச்சும் ஓடத் தயாராக இருந்தார்கள்.

நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். இறுதி. ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். கோச் ஜான் கிரிகோரியின் சென்னையின் எஃப்.சி. பதறவில்லை. மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு ஹெட்டர், பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. கட்டுக்கோப்பான தடுப்பு, செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றில்) கூர்மை, அந்த டீமின் அடையாளமே இதுதான். அன்றைக்கு யாரும் எச்சரிக்கையாக ஆடியதைக் குறை சொல்லவில்லை.

ஆகவே எங்கள் கட்சி இது: எத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். பந்தைப் பிடுங்கிய பிறகு வரும் முதல் ஐந்து நொடியைப் பாருங்கள். அந்த ஐந்து நொடியில் வெளியேற வழி இருந்தால் அது தடுப்பாட்டம். வழி இல்லையென்றால் கோலுக்காகக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எழுபது நிமிடத்துக்கு மேல ஏன் எப்பவும் கோல் வாங்குறோம்? ஸ்டாமினா இல்லையா?

ஸ்டாமினா ஒரு காரணம். ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

72வது நிமிடம், நாம் 1-0 முன்னிலை. எதிரணி வலது ஓரத்திலிருந்து கிராஸ் போடுகிறது. நம் சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்) தலையால் வெளியே தள்ளுகிறார். பந்து பாக்ஸுக்கு வெளியே, அதன் விளிம்பை ஒட்டி வரைந்திருக்கும் டி வளைவுக்கு நேராக விழுகிறது. அங்கே நம் ஆள் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் இரண்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்களும் கிராஸுக்குப் பயந்து பாக்ஸுக்குள் இறங்கிவிட்டார்கள். எதிரணி மிட்ஃபீல்டர் ஓடிவந்து எடுத்து, மறுபடியும் ஓரத்துக்குத் தள்ளுகிறார். மறுபடி கிராஸ். இந்த முறை பந்து நம் லெஃப்ட் பேக் (இடது ஓர டிஃபெண்டர்) காலில் சிக்குகிறது. அவர் தலை நிமிர்ந்து பார்க்கிறார். இடது ஓரமாக ஏறித் தாக்க வேண்டிய லெஃப்ட் விங்கர் ஐந்து மீட்டர் தள்ளி, அவருக்கு இணையாக, சொந்தக் கோலைப் பார்த்தபடி நிற்கிறார். மிட்ஃபீல்டர்கள் இவருக்குப் பின்னால். ஸ்ட்ரைக்கர் நாற்பது மீட்டருக்கு அப்பால், இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே தனியாக. லெஃப்ட் பேக் வேறென்ன செய்ய முடியும்? ஓரமாக ஓங்கி அடிக்கிறார். பந்து நேராக எதிரணி சென்டர் பேக்கின் நெஞ்சில் இறங்குகிறது. பத்து நொடிக்குள் மறுபடியும் நம் பாக்ஸ் வாசலில்.

கேலரியிலிருந்து பார்த்தால் லெஃப்ட் பேக் பந்தை வீணடித்தது போலத் தெரியும். அவருக்குப் பந்து வந்த கணத்தில் பாஸ் கொடுக்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் பழுது.

இந்தச் சுற்று பத்துப் பதினைந்து முறை நடக்கும்போது மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. டிஃபென்ஸ் லைன் ஒவ்வொரு கிராஸுக்கும் ஓரிரு மீட்டர் கீழே போகிறது, பந்து வெளியே போனதும் யாரும் அந்த ஓரிரு மீட்டரை மீட்டெடுப்பதில்லை. தொடங்கும்போது பாக்ஸுக்கு வெளியே நின்ற லைன், எண்பதாவது நிமிடத்தில் பெனால்டி ஸ்பாட்டில் நிற்கும். அடுத்தது விங்கர். ஓரத்தில் மேலும் கீழும் ஓடி அதிகம் களைப்பவர் அவர்தான். அவர் ஒரு அடி தாமதித்தால் ஃபுல் பேக் (ஓர டிஃபெண்டர்) இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க வேண்டும், அங்கிருந்துதான் சுலபமான கிராஸும் பாக்ஸுக்குள் இருந்து பின்னோக்கி வரும் கட்பேக்கும் பிறக்கின்றன. கடைசியாக, ரொம்ப நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டிஃபெண்டர் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பவரை மறந்துவிடுவார். தூரத்துப் போஸ்டில் தனியாக நின்று ஹெட்டர் அடிக்கும் ஆள் அப்படித்தான் உருவாகிறார்.

கார்னரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவாக நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல் என்ற அளவில்தான் விழும். ஒன்று இரண்டு என்றால் கவலையில்லை. ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் ஆறு கார்னர் கொடுத்தால், அதில் ஒரு கோல் விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. "கார்னர் போனா போகட்டும், தட்டி விடு" என்ற பழக்கத்துக்கு இவ்வளவு விலை.

ஒரு கோல் முன்னிலையை எப்படித்தான் காப்பாத்தணும்?

லைனில் இருந்து தொடங்க வேண்டும். பாக்ஸ் விளிம்பு கோல் லைனிலிருந்து 16.5 மீட்டர். டிஃபென்ஸ் அதற்குள் நிற்கக் கூடாது, அதற்குப் பத்து மீட்டர் முன்னால் நிற்பதை வழக்கமாக்க வேண்டும். எதிரணி பின்னால் ஒரு பாஸ் போட்டாலே நால்வரும் ஐந்து மீட்டர் ஏற வேண்டும். பந்தை வெளியே அடித்துவிட்டால் ஏற வேண்டும். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும், பெரும்பாலும் கோல்கீப்பர் அல்லது மூத்த சென்டர் பேக். "ஏறு, ஏறு" என்ற அந்தக் குரல் நின்றுபோன டீமுக்கு அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஆபத்து உறுதி.

அடுத்து, மேலே இரண்டு பேரை விட்டுவைக்க வேண்டும். ஒருவர் ஸ்ட்ரைக்கர், பந்தை நெஞ்சிலோ காலிலோ வாங்கி மூன்று நொடி பிடித்துவைக்கத் தெரிந்தவர். இன்னொருவர் விங்கர். எதிரணியின் எந்த ஃபுல் பேக் அதிகமாக ஏறி ஆடுகிறாரோ, அவர் விட்டுச்செல்லும் இடத்தில் இவர் நிற்க வேண்டும். விங்கர் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தாலே அந்த ஃபுல் பேக் இரண்டு முறை யோசித்துத்தான் மேலே வருவார். ஒரு ஆளை மேலே விடுவதால் தடுப்பு பலவீனமாகும் என்ற பயம்தான் பல கோச்சுகளைப் பிடித்து இழுக்கிறது. ஒருவரை விட்டால் எதிரணி இரண்டு பேரைப் பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பந்து கிடைத்ததும் முதல் பாஸ் ஓரமாக வேண்டாம். உள்ளே, மிட்ஃபீல்டரிடம். அவர் ஒரே டச்சில் எதிர்ப்பக்கத்துக்குத் திருப்ப வேண்டும், ஏனென்றால் எதிரணி ஆட்கள் பந்து இருந்த பக்கமே குவிந்திருப்பார்கள். இது பயிற்சியில் நூறு முறை செய்யாமல் ஆட்டத்தில் வராது.

மாற்று வீரர்கள் விஷயத்தில் இப்போதைய விதி தாராளமானது: ஐந்து பேர், ஆட்ட நேரத்தில் மூன்று தடவைக்குள், இடைவேளையில் மாற்றினால் அது தனி. களைப்பது விங்கர்கள் என்றால் 60-65வது நிமிடத்தில் இரண்டு விங்கர்களையும் மாற்றுவதுதான் முதல் வேலை. அதற்குப் பதில் ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டு மூன்றாவது சென்டர் பேக்கை இறக்கினால், மேலே பந்தைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் போய், முந்தைய பதிலில் சொன்ன சுற்று இன்னும் வேகமாகச் சுழலும். ஐந்து பேர் பின்வரிசைதான் வேண்டும் என்றால் 5-4-1 (பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை ஆள் கணக்கு) வேண்டாம், 5-3-2 வையுங்கள். மேலே இருவர் மிஞ்சுவார்கள்.

நேரம் கடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-26 முதல் கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். பழைய ஆறு நொடி விதிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று இருந்ததை ரெஃபரிகள் அநேகமாகக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இப்போது ரெஃபரி கடைசி ஐந்து நொடியைக் கைவிரலால் எண்ணிக் காட்டுகிறார். பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்வது இனி முன்னிலையைக் காக்காது. எதிரணிப் பாதியில் வாங்கும் ஒரு த்ரோ இன், ஒரு ஃபவுல், இவைதான் நிஜமான மூச்சு வாங்கும் நேரம்.

4-1 மாதிரி பெரிய முன்னிலை இருந்தா பின்னாடி நிக்கலாமில்ல?

2020 பிப்ரவரி 29 அன்று சென்னையில், இரண்டு ஆட்டம் கொண்ட அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் எஃப்.சி. கோவாவை 4-1 என்று அடித்தோம். ஒரு வாரம் கழித்து அவர்கள் மைதானமான ஃபத்தோர்டாவில் கோவா முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் சாங்தேயும் வால்ஸ்கிஸும் அடித்த இரண்டு கோல்தான் நம்மைக் காப்பாற்றியது. ஆட்டம் 4-2 என்று கோவாவுக்கு, மொத்தத்தில் 6-5 என்று நமக்கு. அந்த இரண்டு கவுண்டர் (பந்தைப் பிடுங்கியதும் பாயும் எதிர்த்தாக்குதல்) கோல் இல்லாமல் தடுத்தே கரையேறியிருக்க முடியாது.

நம்ம ஊர் வெக்கைல தொண்ணூறு நிமிஷம் பிரஸ் பண்ண முடியுமா?

முடியாது, கேட்கவும் கூடாது. சென்னையில் இரவு ஏழரை மணிக்கும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பு சூடு இறங்காது. வெப்பநிலையை விட இந்தப் புழுக்கம்தான் கால்களைக் கட்டிப்போடுகிறது. ஐரோப்பாவில் ஆடும் டீமைக் காட்டி "அவங்க மாதிரி நெருக்குங்க" என்பது நியாயமில்லை.

ஆனால் தவணை முறையில் நெருக்கலாம். முதல் பதினைந்து நிமிடம், இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம், எதிரணி தவறான பாஸ் போடும்போது ஆறு நொடி. மற்ற நேரம் மிட் பிளாக். வெக்கையைச் சொல்லிக்கொண்டு அறுபது நிமிடம் பாக்ஸுக்குள் நிற்பது உடம்புக்கும் நல்லதல்ல. எதிரணியிடம் இருக்கும் பந்தைத் துரத்திக்கொண்டே இருப்பது, நாமே பாஸ் போட்டுப் பந்தை வைத்திருப்பதை விட அதிகம் களைக்க வைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் புல் நனைந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அப்போது பின்வரிசையில் குறுக்குப் பாஸ் ஆபத்து, எதிரணிப் பாதியில் நெருக்குவது லாபம்.

மேல ஒரே ஸ்ட்ரைக்கர் ஏன்? இரண்டு பேரை இறக்கினா என்ன?

இறக்கலாம். ஆனால் மிட்ஃபீல்டில் ஒருவர் குறைவார், எதிரணி மூன்று மிட்ஃபீல்டர்களோடு வந்தால் நடுவில் பந்தே நம்மிடம் தங்காது. ஸ்ட்ரைக்கர் எத்தனை பேர் என்பதை விட, அவருக்கு அருகில், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஓடிவந்து சேரும் ஆள் யார் என்பது முக்கியம். ஒற்றை ஸ்ட்ரைக்கர் பிடித்துவைத்த பந்தை வாங்க ஆள் வந்தால் 4-2-3-1 போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2021-22 முதல் ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் களத்தில் இருக்கலாம். பெரும்பாலான கிளப்புகள் அதில் ஒன்றை சென்டர் பேக்குக்கும், ஒன்றை மிட்ஃபீல்டுக்கும், மிச்சத்தை முன்வரிசைக்கும் செலவழிக்கின்றன. அந்த முன்வரிசை வெளிநாட்டவருக்குக் காயம் என்றால் அதே தரத்தில் மாற்று கிடைப்பது கஷ்டம். அந்த வாரம் டீம் பின்வாங்குவதற்குக் கோச்சின் மனசை விட ஆள் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். திட்டுவதற்கு முன் மாற்று வீரர் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பசங்களை வெச்சு அட்டாக்கிங் ஃபுட்பால் ஆடவே முடியாதா?

ஆடிக் காட்டியாயிற்று. 2018-19 ஐ-லீக் என்ற தேசியத் தொடரைச் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு கிளப் வென்றது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில் ஆடினார்கள். பின்னாலிருந்து தரையில் பாஸ் போட்டு ஏறுவதும், பந்தை இழந்ததும் மேலேயே நெருக்குவதும் அவர்கள் பாணி. பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். நெய்வேலி எட்வின் சிட்னி வான்ஸ்பால் அந்த டீமில் ஓரத்திலும் நடுவிலும் ஓடிய ஓட்டத்தை மறக்க முடியாது. கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கி, 3-1 என்று திருப்பி அடித்துக் கோப்பையை எடுத்தார்கள்.

வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனபால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்து சென்னையின் எஃப்.சி. நடுக்களத்தில் ஆடினார். குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். நெருக்கடியில் பந்தைக் காலில் வைத்திருக்கும் திறமை இந்தப் பையன்களிடம் குறைவில்லை. குறுகிய சந்தில் ஆடி வளர்ந்தவனுக்கு அது தானாகவே வரும். அவர்களைக் கொண்டுவந்து "பந்தை வெளிய அடி, ரிஸ்க் எடுக்காதே" என்று சொல்லிக் கெடுப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

டிராவுக்கு ஆடுறது லாபமா நஷ்டமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசி பத்து நிமிடம் சமநிலை. அப்படியே முடித்தால் 1 புள்ளி. ரிஸ்க் எடுத்தால் சில சமயம் வெற்றி, சில சமயம் தோல்வி. ஆட்டம் ஒரு முடிவுக்கு வரும் மூன்று சந்தர்ப்பங்களில் ஒன்றுக்கு மேல் நாம் வெல்வோம் என்றாலே ரிஸ்க் எடுப்பது லாபம். பாதிக்குப் பாதி என்றால் சராசரி 1.5 புள்ளி. ஆக, சமபலமான எதிரணியோடு, அதுவும் சொந்த மைதானத்தில், டிராவைக் கட்டிப்பிடிப்பது புள்ளிக் கணக்கிலேயே நஷ்டம். பட்டியலின் உச்சியில் இருக்கும் டீமின் ஊரில் போய் ஆடும்போது மட்டும் அந்த 1 புள்ளி தங்கம்.

2020-21 சீசனைப் பாருங்கள். கொரோனாவால் கோவாவில் பூட்டிய மைதானங்களில் நடந்த அந்த ஆண்டு 20 ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. தோற்றது ஆறே ஆறு. ஆனால் டிரா 11, வெற்றி வெறும் 3. மொத்தம் 20 புள்ளி, எட்டாவது இடம், அடித்த கோல் 17. அந்த டீம் பயந்து பின்னால் நின்றது என்று சொல்ல மாட்டோம், வாய்ப்புகள் வந்தன, முடிக்க ஆளில்லை. ஆனாலும் டிராவாலேயே ஒரு சீசன் எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

இங்கே இன்னொன்று. கீழே போனால் டிவிஷன் இறங்கிவிடுவோம் என்ற பயத்தில் ஐரோப்பாவில் பல டீம்கள் டிராவுக்கு ஆடும். 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பல சீசன்கள் அந்தப் பயமே இல்லாமல் நடந்தது. அந்தச் சீசன்களில் நடுப்பட்டியலில் இருந்துகொண்டு டிராவுக்கு ஆடியதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

பொசஷன் (நம்மகிட்ட பந்து இருந்த நேரம்) 38 சதவீதம்னு போட்டிருந்தாங்க. அதை வெச்சு கோச்சைத் திட்டலாமா?

அந்த எண் மட்டும் போதாது. கவுண்டர் டீமுக்கு 38 இயல்பு. எக்ஸ்ஜி பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை மதிப்பிட்டுக் கூட்டிய எண் அது. பெனால்டி என்றால் 0.75-0.8 அளவில் வரும், பாக்ஸுக்கு வெகு வெளியிலிருந்து அடித்தால் 0.03 போல. நம் எக்ஸ்ஜி 0.4, அவர்களுடையது 1.9 என்றால் தோல்வி நியாயமானது. நமக்கு 1.6, அவர்களுக்கு 0.9 என்று இருந்து தோற்றால் கோச்சைத் திட்டாதீர்கள், அந்த நாள் அப்படி. முடிந்தால் இடைவேளைக்கு முன், பின் என்று பிரித்துப் பாருங்கள். முன்னிலை வாங்கிய பிறகு நம் எக்ஸ்ஜி ஏறாமல் அப்படியே நின்றிருந்தால், உங்கள் கோபத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

கோச்சை மாத்தினா சரியாயிடுமா?

சில நேரம். 2019-20 தொடக்கத்தில் முதல் நான்கு ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கிரிகோரி விலகி, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். மேலே நெருக்கச் சொன்னார், மிட்ஃபீல்டர் கிரிவெல்லாரோவுக்கு முன்னால் ஓட ஆட்களை அனுப்பினார். வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார், டீம் இறுதி வரை போய் கொல்கத்தா கிளப் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றது. இந்தச் சீசனை வைத்துத்தான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "கோச்சை மாத்து" என்ற குரல் எழுகிறது.

ஆனால் 2021-22இல் பிப்ரவரியில், கோவாவிடம் 5-0 தோற்றதும் போஜிதார் பண்டோவிச்சை மாற்றியும் எட்டாவது இடம்தான் கிடைத்தது. மாற்றம் வேலை செய்ய இரண்டு நிபந்தனை: சீசனில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும், புதியவர் கேட்கும் பாணிக்கு ஏற்ற ஆட்கள் ஏற்கெனவே டீமில் இருக்க வேண்டும்.

ஸ்டேடியத்துல எங்க உட்கார்ந்தா இதெல்லாம் தெரியும்?

நேரு ஸ்டேடியத்தில் களத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ் வரிசைகளிலிருந்து வரிசை இடைவெளி தெரியாது. சென்டர் லைனுக்கு நேராக, எவ்வளவு உயரமான வரிசை கிடைக்குமோ அங்கே உட்காருங்கள். டிவி பந்தைத்தான் காட்டும், நீங்கள் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கலாம்.

அளக்கக் கோடுகளே போதும். 105 மீட்டர் களத்தில் பாக்ஸ் விளிம்பிலிருந்து சென்டர் லைன் 36 மீட்டர், சென்டர் சர்க்கிளின் நம் பக்க விளிம்பு 27 மீட்டர் அளவில். நம் டிஃபென்ஸ் பாக்ஸ் விளிம்பில் இருக்கும்போது ஸ்ட்ரைக்கர் சர்க்கிள் விளிம்பில் இருந்தால் டீம் ஒட்டி நிற்கிறது என்று பொருள். ஸ்ட்ரைக்கர் சென்டர் லைனைத் தாண்டி நின்றால் டீம் இரண்டாக உடைந்திருக்கிறது. எதிரணி கிராஸ் போடும்போது டி வளைவில் நம் நீல ஜெர்சி ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்னாடி பாஸ் போட்டா ஊளையிடலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறோம். ஃபுல் பேக் நெருக்கடியிலிருந்து சென்டர் பேக்குக்கோ கோல்கீப்பருக்கோ கொடுப்பது பல நேரம் சரியான முடிவு, எதிர்ப்பக்கம் திருப்புவதற்கான முதல் படி. அதற்குக் கூட்டம் ஊளையிட்டால் அடுத்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே தூக்கி அடிப்பார், அதைத்தானே நாம் வெறுக்கிறோம். டிரம்மை நிறுத்தாதீர்கள். 70வது நிமிடத்தில் லைன் இறங்கும்போது "ஏறு" என்ற குரல் கேலரியிலிருந்தும் போகலாம்.

கோபத்தைப் பேனரில் காட்டுங்கள், கிளப்பிடம் கேளுங்கள். கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள்: முன்னிலைக்குப் பிறகு இத்தனை நிமிடம் ஷாட் இல்லையே, ஏன் என்று. வீரர்களின் சொந்தப் பக்கத்துக்குப் போய் வீட்டாரை இழுத்துத் திட்டுவது ரசிகன் வேலை இல்லை.

எங்க ஏரியா டீமும் இப்படித்தான் தோக்குது. பயிற்சில என்ன செய்யலாம்?

பாதி மைதானம் போதும். தடுக்க ஏழு பேர் (கோல்கீப்பர், நான்கு டிஃபெண்டர், இரண்டு மிட்ஃபீல்டர்), தாக்க ஏழு பேர். சென்டர் லைனில் இரண்டு ஓரத்திலும் கோன் வைத்து மூன்று மீட்டர் அகலத்தில் சின்ன கேட். தாக்குபவர்கள் வழக்கமான கோலில் அடிக்க வேண்டும். தடுப்பவர்கள் பந்தைப் பிடுங்கி ஆறு நொடிக்குள் ஏதாவது ஒரு கேட் வழியாகப் பந்தைக் காலில் ஓட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், அதற்கும் ஒரு புள்ளி. நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று.

முதல் நாள் எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓங்கி அடிப்பார்கள். ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். இரண்டாவது தவறு, பந்து கிடைத்த பக்கத்துக் கேட்டுக்கே எல்லாரும் முட்டிக்கொள்வது. அப்போது எதிர்ப்பக்கக் கேட்டுக்கு இரண்டு புள்ளி என்று மாற்றுங்கள், தலை நிமிர்ந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். ஃபைவ்ஸ் டர்ஃபில் ஆடுபவர்கள் நான்குக்கு நான்கு, நான்கு நொடி என்று சுருக்கிக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கே தொடங்கி, வெயிலுக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

அடுத்த மேட்சுல கோச் மாறியிருக்காரான்னு எப்படித் தெரியும்?

அணிப் பட்டியலில் 4-4-2 போட்டிருக்கிறதா 5-4-1 போட்டிருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்போது நம் ஆட்கள் எத்தனை பேர் பாக்ஸுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பதினொருவரும் உள்ளே இருந்தால் ஒன்றும் மாறவில்லை. இரண்டு பேர் சென்டர் லைன் அருகே இருந்தால் மாறியிருக்கிறது. பிறகு, முன்னிலை கிடைத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் எதிரணி பாக்ஸுக்குள் ஒருமுறையாவது பந்து போகிறதா, 65வது நிமிடத்துக்குள் இறங்கும் முதல் மாற்று வீரர் விங்கரா சென்டர் பேக்கா என்று பாருங்கள்.